சிகரத்தில் ஒரு வருஷம்

1959-ம் வருஷம், அக்டோபர் மாதம் 31-ம் தேதி, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் தென்கோடியில் மிஸிஸிப்பி நதிக் கரையிலுள்ள பேடன் ரூஜ் நகரம். ஊரின் ஜனத்தொகை அப்போது சுமார் ஒன்றரை லட்சம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான கூட்டம் ஒரே மைதானத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஈரம். விளக்குகளைச் சுற்றி மெல்லிய பனிமூட்டம்.

ஆட்டம் முடிய இன்னும் சுமார் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. உள்ளூர்க் கோஷ்டி மூன்று பாயிண்டு பின்தங்கி நிற்கிறது. போன வருஷம் தேசத்துக்கே சாம்பியனாக வந்த கோஷ்டி அது! இந்த வருஷமும் பத்திரிகைகள் அதற்குத்தான் முதல் ஸ்தானம் தந்திருக்கின்றன. தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோல்வி என்பதையே அறியாமல் வந்திருக்கிறது. இப்போது அந்த மகுடம் எல்லோருடைய கண்ணெதிரிலும் சரிந்துகொண்டிருக்கிறது.

எதிராளி பந்தை உயர உதைக்கிறார். அது ஆகாயத்தில் வளைந்து வந்து, தரையில் குதித்து, ஓர் இளைஞனின் கையில் வந்து விழுகிறது...

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், வாசகர்களே, அந்த மைதானத்துக்குள் உங்களைச் சற்று நிதானமாக அழைத்துச் செல்ல வேண்டும்.

இது நம் கால்பந்து அல்ல!

'புட்பால்' என்றதும் நமக்கு நினைவு வரும் ஆட்டம் வேறு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூரான, தேங்காயை நினைவூட்டும் வடிவம். அதைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது கையால் எறிவார்கள். ஓடுகிறவனை எதிரிகள் பாய்ந்து கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். நம் சடுகுடுவில் பிடிப்பார்களே, அந்த மாதிரிதான். ஆனால் இங்கே தலையில் கவசம், தோளில் பஞ்சு மெத்தை!

மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு நாலு முயற்சிகள். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்தை எதிரிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் முன்னேற முடியாது என்று தோன்றினால், பந்தைக் கூடியவரையில் தொலைவாக உதைத்துவிடுவார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 'டச்-டவுன்'. அதற்கு ஆறு பாயிண்டு. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து மேலும் ஒரு பாயிண்டு பெறலாம். டச்-டவுன் இல்லாமலே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. இவ்வளவு தெரிந்தால் போதும். நாம் ஆட்டம் பார்க்கத் தயார்.

நம் கதாநாயகர்கள் லூயிஸியானா அரசாங்க சர்வகலாசாலை மாணவர்கள். சுருக்கமாக எல்.எஸ்.யூ. செல்லப் பெயர் 'புலிகள்'. பெயருக்கு மட்டும் புலிகள் அல்லர். 'மைக்' என்ற உண்மையான வங்கப் புலி ஒன்றையே அந்தச் சர்வகலாசாலை வளர்த்து வந்தது! ஆட்டத்தன்று அதன் கூண்டை எதிராளிகள் வரும் வழியில் நிறுத்திவிடுவார்கள். வெளியூர்ப் பையன்கள் அதைத் தாண்டித்தான் மைதானத்துக்குள் நுழைய வேண்டும். வரவேற்பு எப்படி!

அந்த மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியிலேயே மாணவர் விடுதி அறைகள் கட்டியிருந்தார்கள். மேலே ஆயிரக்கணக்கானவர்கள் கால்களை உதைத்து ஆரவாரம் செய்ய, கீழே சில மாணவர்களின் புத்தகங்களும் படுக்கையும். ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் இருந்த உறவை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

மூன்று கோஷ்டிகள்

1955-ல் பால் டீட்ஸல் என்பவர் இங்கே பயிற்சியாளராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுதான். முதல் மூன்று வருஷங்களில் அவருடைய கோஷ்டி 11 ஆட்டங்களில் ஜயித்தது, 17-ல் தோற்றது. வேறு ஊராக இருந்தால் மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். நாலாவது வருஷமான 1958-ல் அதே டீட்ஸலின் கோஷ்டி ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி பெற்றுத் தேசத்தின் சாம்பியன் ஆகிவிட்டது. மூன்று வருஷத்து வெற்றி ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தது!

ஆட்டக்காரர்களை அடிக்கடி மாற்றுவதற்கு அந்தக் காலத்தில் விதிகள் இடம் தரவில்லை. தாக்குகிற அதே 11 பேர்தான் பெரும்பாலும் தற்காக்கவும் வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிடும். டீட்ஸல் ஒரு யுக்தி செய்தார். தம் ஆட்களை மூன்றாகப் பிரித்தார். எல்லாம் தெரிந்த முதல்தரக்காரர்கள் 'வெள்ளைக் கோஷ்டி'. தாக்குதலில் கெட்டிக்காரர்கள் 'கோ கோஷ்டி'. மிச்சம் இருந்த பையன்கள் பெரிய திறமைசாலிகள் அல்லர். ஆனால் முரட்டு உற்சாகம் உடையவர்கள். 'உங்களுக்கு வேறு வேலை வேண்டாம். எதிரியை நிறுத்துங்கள், போதும்' என்று அவர்களிடம் சொல்லி, 'சீனக் கொள்ளைக்காரர்கள்' என்று பெயரும் சூட்டினார். ஒரு சித்திரக் கதையிலிருந்து எடுத்த பெயர். இன்று யாரும் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. ஆனால் அன்று, எண்ணிக்கைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பையன்களுக்கு அந்தப் பெயரே ஒரு மதிப்பைத் தந்துவிட்டது. அவர்கள் மைதானத்தில் இறங்கினால் மக்கள் எழுந்து நின்று கூவினார்கள்.

இன்னொரு புதுமையும் உண்டு. அந்த நாளில் பளு தூக்கினால் உடம்பு இறுகிப்போய் ஓட முடியாது என்று பயிற்சியாளர்கள் நம்பினார்கள். பேடன் ரூஜில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய ஆல்வின் ராய் என்பவர், அது வெறும் பயம் என்று சாதித்தார். அவரை டீட்ஸல் அழைத்துக்கொண்டார். பளு தூக்கி வளர்ந்த ஓர் உள்ளூர்ப் பையன், ராய் சொன்னதற்கு உயிருள்ள சாட்சியாகக் கோஷ்டியிலேயே இருந்தான். பெயர் பில்லி கேனன். நல்ல கனம், ஆனால் 100 கெஜத்தைப் பத்து விநாடிக்குள் ஓடிவிடுவான். முட்டினால் காளை, ஓடினால் மான்!

மகுடத்தின் கனம்

1959 பிறந்தது. கதை உண்மையில் இங்கேதான் ஆரம்பமாகிறது.

மலை ஏறுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் கண் மேலே இருக்கிறது. உச்சியில் நிற்கிறவனுக்குப் பார்க்கக் கீழேதான் இடம். 1958-ல் இந்தப் பையன்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அதனால் இழப்பதற்கும் ஒன்றும் இல்லை. 1959-ல் ஆட்டம் துவங்கும் முன்பே பத்திரிகைகள் அவர்களுக்கு முதல் ஸ்தானத்தைக் கொடுத்துவிட்டன. ஆகவே வந்த எதிரி ஒவ்வொருவனும் 'இவர்களை வீழ்த்தினால் நம் பெயர் நிற்கும்' என்ற ஒரே எண்ணத்தோடு வந்தான். போன வருஷத்து யுக்திகளை எல்லோரும் ஊன்றிப் படித்துக்கொண்டும் வந்தார்கள்.

இருந்தும் முதல் ஆறு ஆட்டங்களிலும் வெற்றி. ரைஸ் சர்வகலாசாலையை 26-3, டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையை 10-0, பேய்லரை 22-0, மயாமியை 27-3, கென்டக்கியை 9-0, பிளாரிடாவை 9-0. ஆறு ஆட்டங்களில் ஒரு டச்-டவுன்கூட எதிரிக்குக் கொடுக்கவில்லை!

ஆனால் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். 26, 22, 27 என்றெல்லாம் இருந்த எண்ணிக்கை கடைசியில் ஒன்பது, ஒன்பது என்று இறங்கியிருக்கிறது. கோட்டைச் சுவர் உறுதியாக இருந்தது. வாள்தான் கொஞ்சம் மழுங்கத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் ஏழாவது எதிரியாக வந்து சேர்ந்தது பக்கத்து மாநிலத்து மிஸிஸிப்பி சர்வகலாசாலை. 'ஓல் மிஸ்' என்பது அதன் செல்லப் பெயர். அதுவும் அந்த வருஷம் தோல்வி அறியாதது. தேசத்தில் மூன்றாவது ஸ்தானம்.

எண்பத்தொன்பது கெஜம்

இப்போது அந்த அக்டோபர் இரவுக்குத் திரும்புவோம்.

முதல் கட்டத்திலேயே கேனனின் கையிலிருந்து பந்து நழுவியது. மிஸிஸிப்பிக்காரர்கள் அதைக் கைப்பற்றி, கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயிண்டு எடுத்துவிட்டார்கள். அதன்பின் மூன்று கட்டங்கள் வரை யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. 3-0. அந்த மூன்று தன்னால் வந்தது என்பதைக் கேனன் மறந்திருக்க முடியுமா?

மிஸிஸிப்பியின் பயிற்சியாளர் ஜானி வாட் ஜாக்கிரதைக்காரர். நாலாவது முயற்சி வரை காத்திராமல், மூன்றாவதிலேயே பந்தைத் தூர உதைத்துவிடச் சொன்னார். 'மூன்று பாயிண்டு கையில் இருக்கிறது. எதிரியை அவன் வாசற்படியிலேயே நிறுத்தினால் போதும்' என்பது அவர் கணக்கு. ஜேக் கிப்ஸ் உதைத்தார். பந்து எல்.எஸ்.யூ.வின் 11 கெஜக் கோட்டருகே துள்ளியது.

எல்லைக்கு 15 கெஜத்துக்குள் பந்து விழுந்தால் தொடாதே, விட்டுவிடு என்பது டீட்ஸல் விதித்த கண்டிப்பான சட்டம். அங்கே கை நழுவினால் சர்வநாசம் அல்லவா? கேனனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் துள்ளிய பந்து கைக்கு வாகாக வந்தது. பிடித்துவிட்டான். மைதான ஓரத்தில் டீட்ஸல் 'வேண்டாம், வேண்டாம்!' என்று கூவினாராம்.

வலப்புற ஓரமாக ஓடினான். ஒருவன் காலைப் பிடித்தான், உதறினான். மற்றொருவன் தோளில் மோதினான், தடுமாறி நிமிர்ந்தான். இன்னும் இருவர், இன்னும் ஒருவர்... நடுக்கோட்டுக்கு அருகில் கடைசியாக எதிர்ப்பட்டவர் பந்தை உதைத்த கிப்ஸேதான். அவரையும் தாண்டியாகிவிட்டது. அப்புறம் முன்னால் வெறும் புல்வெளி! சற்று முன் 'வேண்டாம்' என்று கூவிய டீட்ஸல் இப்போது 'போ, போ!' என்று கூவிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியின் பழைய படச்சுருள் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, மங்கல். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். என்ன நடக்கப்போகிறது என்று நன்றாகத் தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் 'இதோ விழுந்துவிடப் போகிறான்' என்றே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

89 கெஜம். டச்-டவுன். வெண்டல் ஹாரிஸ் உதைத்து மேலும் ஒரு பாயிண்டு. 7-3.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? மிஸிஸிப்பிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு அடி அடியாக முன்னேறி எல்.எஸ்.யூ.வின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். எல்லைக் கோட்டுக்கு இரண்டு கெஜம், கடைசி முயற்சி, பாக்கி 18 விநாடி. டக் எல்மோர் பந்தோடு பாய்ந்தார். வாரன் ராப் முதலில் மோதினார். கேனன் வந்து சேர்ந்து சாய்த்தான். கோட்டுக்கு ஒரு கெஜம் இப்பால் பந்து நின்றது.

அந்த ராப் யார் தெரியுமா? தாக்குதலை முன்னின்று நடத்துகிற ஆட்டக்காரர். இன்றைய ஆட்டத்தில் அப்படிப்பட்டவர் தற்காப்புக்கு இறங்கவே மாட்டார். எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டியிருந்த அந்தக் காலத்து விதிதான், ஓடிக் களைத்த இருவரைக் கொண்டே கோட்டையையும் காக்க வைத்தது.

ஓர் அங்குலம்

தொடர்ந்து 19 வெற்றி. மகுடம் தப்பிவிட்டது என்றே ஊர் கொண்டாடியது. சரியாக ஒரே வாரம்!

நவம்பர் 7-ம் தேதி டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் அடுத்த ஆட்டம். முதல் பாதியில் எல்.எஸ்.யூ. 7-0 என்று முன்னணியில் இருந்தது. பிறகு ராப் எறிந்த பந்து ஒன்றை எதிராளி இடைமறித்துப் பிடித்து 59 கெஜம் ஓடிவிட்டார். இன்னொரு பந்து கை நழுவியது. 14-7. அந்த வருஷம் எல்.எஸ்.யூ.வுக்கு எதிராக யாரும் டச்-டவுன் எடுத்ததில்லை. இப்போது சிறிது நேரத்துக்குள் இரண்டு!

கடைசிக் கட்டத்தில் எல்.எஸ்.யூ. ஒரு டச்-டவுன் எடுத்தது. 14-13. இங்கேதான் டீட்ஸல் ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. பந்தை உதைத்தால் ஒரு பாயிண்டு, ஆட்டம் சமம். உதைக்காமல், பந்தோடு ஓடி எல்லையைத் தாண்டினால் இரண்டு பாயிண்டு, வெற்றி. இந்த இரண்டு பாயிண்டு விதி 1958-ல்தான் அமுலுக்கு வந்திருந்தது.

சமம் செய்தால் 'தோல்வி அறியாத கோஷ்டி' என்ற பெயர் மிஞ்சும். ஆனால் சாம்பியன் சமத்துக்கு ஆடலாமா? டீட்ஸல் வெற்றிக்கே ஆடினார். பந்து கேனனின் கையில் வந்தது. வேறு யாரிடம் கொடுப்பார்கள்? அவன் முட்டிப் பாய்ந்தான். மூன்று டென்னஸிக்காரர்கள் கோட்டின் மேலேயே அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். 'தாண்டவில்லை' என்றார் நடுவர். தாண்டிவிட்டேன் என்று கேனன் கடைசிவரை சாதித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் 89 கெஜம் ஓடியவனுக்கு இந்த வாரம் ஓர் அங்குலம் கிடைக்கவில்லை!

மறுபடியும் அதே எதிரி

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் எல்.எஸ்.யூ. ஜயித்தது. ஆனாலும் முதல் ஸ்தானம் ஸிராக்யூஸ் சர்வகலாசாலைக்குப் போய்விட்டது. அந்த வருஷத்துச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய 'ஹைஸ்மன்' பரிசு மட்டும் கேனனுக்குக் கிடைத்தது. உப ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் கையால் அதைப் பெற்றுக்கொண்டார்.

புத்தாண்டு தினத்தன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் 'சுகர் பௌல்' பந்தயம். எதிரி யார்? அதே மிஸிஸிப்பி! ஒரு தடவை ஜயித்தவர்களுக்கு மறுபடி மோதி என்ன லாபம்? எல்.எஸ்.யூ. மாணவர்கள் அரை மனதோடுதான் சம்மதித்தார்கள். மிஸிஸிப்பிக்காரர்களோ இரண்டு மாதமாக இந்த நாளுக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள். முடிவு 21-0. எல்.எஸ்.யூ. அன்று பந்தோடு ஓடிய கெஜங்களைக் கூட்டிக் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது!

அந்தப் பருவம் முழுவதிலும் மிஸிஸிப்பிக்கு எதிராக எடுக்கப்பட்ட மொத்தப் பாயிண்டு 21தான். அதில் மூன்றில் ஒரு பங்கு கேனனின் அந்த ஒரே ஓட்டத்தால் வந்தது. அது இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த வருஷம் தோல்வியே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் இரவில் இரு பக்கமும் ஆடியவர்களில் ஒரு கறுப்பு இளைஞன்கூட இல்லை. அன்றைய தென் மாநிலங்களில் நிற வேற்றுமை அப்படி. முதல் ஸ்தானத்தைப் பெற்ற வடக்கத்தி ஸிராக்யூஸில் எர்னி டேவிஸ் என்ற கறுப்பு இளைஞர் ஆடினார். 1961-ல் ஹைஸ்மன் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பேடன் ரூஜிலும் மிஸிஸிப்பியிலும் அந்தக் கதவு திறக்க 1970-கள் வர வேண்டியிருந்தது. கேனனுக்கு நிகரான எத்தனை கால்கள் அந்த மதிலுக்கு வெளியே நின்றனவோ!

பிறகு?

1960-ல் எல்.எஸ்.யூ. ஐந்து ஆட்டங்களில்தான் ஜயித்தது. 1961 பருவம் முடிந்ததும் டீட்ஸல், ராணுவக் கலாசாலையான வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போய்விட்டார்.

கேனன்? சுகர் பௌலில் தோற்ற அன்றே, மைதானத்தில் கம்பத்தடியில் நின்றபடி ஹூஸ்டன் கோஷ்டியில் சேரக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பே லாஸ் ஏஞ்சலிஸ் கோஷ்டிக்கும் ரகசியமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்! வழக்கு நடந்தது, ஹூஸ்டனுக்கே தீர்ப்பாயிற்று. தொழில்முறை ஆட்டத்திலும் பெயர் வாங்கினார். நடுவிலே படித்துப் பல் வைத்தியரும் ஆனார். ஊரில் நல்ல பெயர், நல்ல தொழில். அப்புறம் 1983-ல் ஒரு செய்தி ஊரையே கலக்கியது: கள்ள நோட்டு வழக்கில் பில்லி கேனன் கைது! குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து வருஷத் தண்டனை. அதில் பாதியளவு சிறையில் கழித்தார். அவருக்குக் கிடைக்கவிருந்த 'புகழ் மண்டப' கௌரவத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவரை நாடி வந்த நோயாளிகள் குறைவு. 1990-களில் அங்கோலா என்ற ஊரிலுள்ள லூயிஸியானா மாநிலச் சிறைச்சாலையில் பல் வைத்தியர் வேலை கிடைத்தது. சீர்குலைந்து கிடந்த வைத்தியசாலையை ஒழுங்குபடுத்தி, கைதிகளுக்குப் பல் பார்த்துக்கொண்டு வருஷக் கணக்காக அங்கேயே உழைத்தார். சிறைக்குள் இருப்பது எப்படி என்று தெரிந்த வைத்தியர் அல்லவா? கைதிகள் அவரிடம் மரியாதை வைத்திருந்தார்கள். 2008-ல் புகழ் மண்டபக் கௌரவம் மறுபடி அவரைத் தேடி வந்தது. 2018 மே மாதம் 20-ம் தேதி, தமது 80-வது வயதில் காலமானார்.

வாசகர்களே, 1958-ல் அந்தக் கோஷ்டி எல்லா ஆட்டத்திலும் ஜயித்தது. மகுடம் வந்த வருஷம் அதுதான். ஆனால் லூயிஸியானாவில் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லும் கதை 1959-ன் கதை. மகுடம் போன வருஷத்தின் கதை! ஒவ்வோர் அக்டோபர் முடிவிலும் அந்த மங்கலான படச்சுருள் அங்கே மறுபடி ஓடுகிறது. அந்தப் பையன் 11 கெஜக் கோட்டில், தொடக் கூடாத பந்தைத் தொட்டு, மறுபடியும் ஓடத் தொடங்குகிறான்.

அடுத்த வாரம் நாக்ஸ்வில்லில் என்ன காத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். தெரிந்தும், 'போ, போ!' என்றுதான் நாமும் கூவுகிறோம்.